விண்டோஸா, லினக்ஸா, மேக்கா? கடைக் கம்ப்யூட்டருக்கு எது பாதுகாப்பு என்று பார்க்கும் முறை

எந்த ஓ.எஸ். (கம்ப்யூட்டரையே ஓட்டும் ஆபரேட்டிங் சிஸ்டம்) பாதுகாப்பானது என்று யாராவது கேட்டால் நான் நேராகப் பதில் சொல்வதில்லை. எந்த மெஷின், அதில் யார் உட்காருவார்கள், என்ன வேலை ஓடுகிறது என்று கேட்டுவிட்டுத்தான் பேச்சே. மன்னார்குடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். நீடாமங்கலம் பக்கத்து அரிசி மில், வலங்கைமான் உரக்கடை, கும்பகோணத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் பிரஸ், பிள்ளைகளின் அரசு லேப்டாப் என்று எல்லா ரகமும் என் மேஜைக்கு வரும்.

"லினக்ஸ் போட்டா வைரஸே வராதாமே தம்பி?" என்பார் மில் முதலாளி. "மேக் வாங்கிட்டா கவலையே இல்லைன்னு மகன் சொல்றான்" என்பார் உரக்கடைக்காரர். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதியைத் தெரிந்துகொள்ள நான் என்ன வரிசையில் பார்ப்பேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் மெஷினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

முதலில் தேதியைப் பாருங்கள்

பெயரெல்லாம் அப்புறம். விண்டோஸில் விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பெட்டியில் 'வின்வெர்' என்று ஆங்கிலத்தில் அடியுங்கள்: விண்டோஸின் முதல் மூன்று எழுத்து, வெர்ஷனின் முதல் மூன்று எழுத்து. எந்தப் பதிப்பு என்று வந்துவிடும். மேக்கில் ஆப்பிள் மெனுவின் முதல் வரி. லினக்ஸின் ஒரு ரகமான உபுண்டுவில் செட்டிங்ஸுக்குள் 'அபவுட்'.

அந்தப் பதிப்புக்கு, ஓட்டையை அடைக்கும் திருத்தம் (அப்டேட்) இன்னும் வருகிறதா என்பதுதான் முதல் கேள்வி. விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரலில் நின்றுவிட்டது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14. எட்டு புள்ளி ஒன்றுக்கு 2023 ஜனவரி. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. வீட்டு உபயோகக்காரர்கள் தனியாகப் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வரும். ஆப்பிள் இப்படிக் கடைசித் தேதி எதையும் முன்கூட்டி அறிவிப்பதில்லை. நடப்புப் பதிப்புக்கும் அதற்கு முந்தைய இரண்டுக்கும் திருத்தம் விடுவது வழக்கம். முழுசாக எல்லாம் வருவது நடப்புப் பதிப்புக்குத்தான். உபுண்டுவின் எல்.டி.எஸ். என்ற நீண்ட கால ஆதரவுப் பதிப்புக்கு 5 வருடம், 'உபுண்டு ப்ரோ' கணக்கு எடுத்தால் 10 வருடம். சொந்த உபயோகத்துக்கு 5 மெஷின் வரை அது இலவசம்.

குரோம்புக் (கூகுளின் குரோம் ஓ.எஸ். ஓடும் லேப்டாப்) வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2021 முதல் வந்த மாடல்களுக்கு 10 வருட அப்டேட் என்கிறார்கள். உண்மைதான், ஆனால் அந்தக் கணக்கு நீங்கள் பில் போட்ட நாளிலிருந்து ஓடாது. அந்த மாடலின் அடிப்படை பிளாட்ஃபார்ம் வெளிவந்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். ஆஃபரில் மலிவாகக் கிடைக்கும் பழைய ஸ்டாக்கில் பாதி ஆயுசு போயிருக்கலாம். செட்டிங்ஸில் 'அபவுட் குரோம் ஓ.எஸ்.' பகுதிக்குப் போனால் கடைசித் தேதி இருக்கும். காசு கொடுக்கும் முன் கடையிலேயே திறந்து பாருங்கள்.

2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த பல மெஷின்களில் விண்டோஸோடு மத்திய அரசு நிறுவனமான சி-டாக் தயாரித்த பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அந்த லேப்டாப்புகள் இன்னும் என்னிடம் வருகின்றன. பாஸ் பக்கம் போய்ப் பார்த்தால், பள்ளிக்கூடத்தில் கொடுத்த நாளில் இருந்த நிலையிலேயே இருக்கும். லினக்ஸ்தான், ஆனால் அதில் இருக்கும் பிரவுசரில் இன்றைக்கு பாங்க் கணக்கைத் திறக்க நான் யாரையும் விடமாட்டேன். கொள்ளிடக் கரை எவ்வளவு உயரம் என்று அளப்பதில் அர்த்தமில்லை. உடைப்பு எடுத்தால் மணல் மூட்டையோடு ஓடிவர ஆள் இருக்கிறதா என்றுதான் கேட்க வேண்டும்.

இதற்கு 2017-ஐவிட நல்ல சாட்சி கிடையாது. அந்த வருடம் மார்ச் 14-ஆம் தேதி விண்டோஸின் ஃபைல் ஷேரிங் பகுதியில் இருந்த ஓட்டையை மைக்ரோசாஃப்ட் அடைத்தது. மே 12-ஆம் தேதி அதே ஓட்டை வழியாக, ஃபைலைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது. யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியதில்லை. ஒரு மெஷினில் நுழைந்தால் அதே நெட்வொர்க்கில் உள்ள மற்றதுக்கெல்லாம் தானே தாவும். மார்ச் திருத்தத்தைப் போட்டிருந்த விண்டோஸ் மெஷின்களுக்குள் அந்த வழியாக அது நுழைய முடியவில்லை. மாட்டிக்கொண்டதில் பெரும்பாலானவை அப்டேட் போடாத விண்டோஸ் 7. ஒரே ஓ.எஸ்.தான், ஒன்று தப்பித்தது, ஒன்று போனது.

திருத்தம் வருவது ஒன்று, அது உங்கள் மெஷினில் ஏறுவது வேறு. மைக்ரோசாஃப்ட் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை விடும். நம் நேரத்துக்கு அது இரவு பத்தரைக்கு மேல். ஆக, புதன்கிழமை காலை கடை திறந்ததும் 'ரீஸ்டார்ட் செய்யவா' என்று கேட்கும். அந்த நேரத்தில் உரக்கடை வாசலில் யூரியாவுக்கு ஆள் நிற்கும். பில் போடும் பையன் 'பிறகு' என்பதை அழுத்துவான். மறுநாளும் அழுத்துவான். குறுவை நடவு முடியும்வரை அழுத்திக்கொண்டே இருப்பான். அவனைத் திட்டிப் பயனில்லை. விண்டோஸ் அப்டேட் செட்டிங்ஸில் 'ஆக்டிவ் ஹவர்ஸ்' என்று இருக்கிறது, அதில் கடை நேரத்தைப் போட்டுவிடுங்கள். இரவு மெஷினை அணைக்காமல் விட்டுவிட்டுப் போகட்டும். கூடவே யு.பி.எஸ். பேட்டரியையும் பாருங்கள், நம் பக்கம் கரண்ட் போகும் நேரத்தை யாரும் சொல்ல முடியாது, அப்டேட் பாதியில் அணைந்த மெஷினைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வர வேண்டியிருக்கும்.

நாற்காலியில் உட்காருவது யார்?

விண்டோஸில் முதலில் உருவாக்கும் கணக்கு அட்மின் கணக்கு. அதில் எதை நிறுவினாலும் திரை மங்கி 'யெஸ்', 'நோ' என்று கேட்கும். யெஸ் தட்டினால் போதும். மேக்கிலும் உபுண்டுவிலும் அந்த இடத்தில் பாஸ்வேர்ட் அடிக்க வேண்டும். சின்ன வித்தியாசம்போல் தெரியும். ஆனால் யெஸ் என்பது கை தானாகச் செய்கிற காரியம். பாஸ்வேர்ட் அடிக்கும்போது ஒரு விநாடியாவது மனசு நிற்கும். இந்த இடத்தில் விண்டோஸ் ஒரு படி கீழேதான். ஆனால் சரிசெய்துவிடலாம்: செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ் போய்ப் பையனுக்கு ஒரு கணக்கு சேருங்கள். புதிதாகச் சேர்ப்பது 'ஸ்டாண்டர்ட்' கணக்காகத்தான் வரும், அப்படியே விட்டுவிடுங்கள். அட்மின் பாஸ்வேர்ட் முதலாளியிடம் இருக்கட்டும். டேலி (கடைக் கணக்கு எழுதும் ப்ரோகிராம்) அதில் ஓடுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். டேட்டா ஃபோல்டரில் எழுத அந்தக் கணக்குக்கு அனுமதி கொடுத்துவிட்டால் ஓடும்.

ஆனால் இதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் டேலி டேட்டா, மகள் கல்யாண போட்டோ எல்லாம் உங்கள் கணக்குக்குச் சொந்தமான ஃபைல்கள். அவற்றைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேருக்கு அட்மின் உரிமையே தேவையில்லை. உங்கள் பெயரில் ஓடினாலே போதும். எந்த ஓ.எஸ். எந்த ப்ரோகிராமை எந்த ஃபோல்டர் வரை விடுகிறது என்று பார்த்தால்தான் உண்மையான வித்தியாசம் தெரியும்.

இதில் லினக்ஸ் ரசிகர்களுக்குக் கொஞ்சம் கசக்கும். சாதாரண டெஸ்க்டாப் லினக்ஸில் நீங்கள் ஓட்டும் ப்ரோகிராம் உங்கள் ஹோம் ஃபோல்டர் முழுவதையும் படிக்கலாம், அழிக்கலாம். ஸ்னாப், ஃபிளாட்பாக் என்ற தனிப் பொட்டலங்களாக வருபவற்றுக்குத்தான் வேலி, அதுவும் எல்லாவற்றுக்கும் ஒரே உயரத்தில் இல்லை. மேக் 2019-லிருந்தே, புதிய ஆப் ஒன்று டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப் பக்கம் கை வைத்தால் உங்களிடம் கேட்கிறது. விண்டோஸில் 'கன்ட்ரோல்ட் ஃபோல்டர் ஆக்ஸஸ்' என்று ஒன்று உண்டு. விண்டோஸோடு வரும் வைரஸ் காவலான டிஃபெண்டருக்குள் ரான்சம்வேர் பாதுகாப்பு என்ற பகுதியில் அணைந்தே கிடக்கும். அதை ஆன் செய்து, டேலி ஃபோல்டரைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்து, டேலியை அனுமதிப் பட்டியலில் போடுங்கள். முதல் வாரம் ஏதாவது ஒரு ப்ரோகிராம் 'சேவ் ஆகலை' என்று முரண்டு பிடிக்கும். அதையும் அனுமதித்தால் சரியாகிவிடும். குரோம் ஓ.எஸ். இந்த விஷயத்தில் எல்லோருக்கும் முன்னால் நிற்கிறது. விண்டோஸ் ப்ரோகிராம் எதையும் அதில் நேராக நிறுவவே முடியாது, சிஸ்டம் பகுதியை யாரும் தொட முடியாது, ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ளும். அந்தக் கெடுபிடிதான் அதன் பலம்.

சாஃப்ட்வேர் எங்கேயிருந்து வருகிறது?

என் கடைக்கு வரும் வைரஸ் கேஸ்களில் எனக்கு மிகவும் அலுத்துப்போனது கிராக், அதாவது காசு கொடுக்காமல் சாஃப்ட்வேரின் பூட்டை உடைக்கும் ஃபைல். 'ஒரிஜினல் எதுக்குண்ணே, ஆக்டிவேட்டர் போட்டா ஒண்ணும் ஆகாது' என்று யாரோ போட்டுக் கொடுத்திருப்பார்கள். அந்த ஆக்டிவேட்டரோடு வரும் குறிப்பில் முதல் வரியே 'டிஃபெண்டரை ஆஃப் செய்யவும்' என்று இருக்கும். காவலாளியை வெளியே அனுப்பச் சொல்லும் விருந்தாளியை வீட்டுக்குள் விடுவீர்களா? 2018-லிருந்து சுற்றிக்கொண்டிருக்கும் ஸ்டாப் என்ற ரான்சம்வேர் குடும்பம் பரவியதே பெரும்பாலும் இந்தக் கிராக் ஃபைல்களில்தான். கிராக் போட்ட விண்டோஸை ஒரிஜினல் லினக்ஸோடு ஒப்பிட்டு 'லினக்ஸ்தான் சேஃப்' என்று முடிவுகட்டுவது நியாயமில்லை. ஒரிஜினலை ஒரிஜினலோடு வைத்துப் பாருங்கள்.

லினக்ஸில் சாஃப்ட்வேர் பெரும்பாலும் அந்தந்த வெளியீட்டாளரின் களஞ்சியத்திலிருந்து டிஜிட்டல் கையெழுத்தோடு வரும்; இலவசம் என்பதால் கிராக் தேட வேண்டிய தேவையே இல்லை. என் கணக்கில் லினக்ஸின் பெரிய பலம் இதுதான். ஆனால் அதற்கும் சோதனை வந்திருக்கிறது. 2016 பிப்ரவரியில் லினக்ஸின் இன்னொரு ரகமான லினக்ஸ் மின்ட்டின் இணையதளத்துக்குள் புகுந்து, நிறுவுவதற்காக டவுன்லோட் செய்யும் ஐ.எஸ்.ஓ. ஃபைலையே விஷம் கலந்த ஒன்றுக்குத் திருப்பிவிட்டார்கள். அதனால் ஐ.எஸ்.ஓ. இறக்கினால் ஃபைல் மாறியிருக்கிறதா என்று காட்டும் அதன் செக்சம் எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். 2024 மார்ச்சில் எக்ஸ்.இசட். என்ற சின்னஞ்சிறு கம்ப்ரெஷன் (ஃபைலைச் சுருக்கும்) கருவிக்குள் பின்வாசல் ஒன்று இருப்பது தெரியவந்தது. வைத்தது வெளியாள் இல்லை. நீண்ட நாள் கூடவே வேலை செய்து நம்பிக்கை சம்பாதித்து, பராமரிப்பாளராகவே ஆகிவிட்ட ஓர் ஆசாமி. ஆண்ட்ரேஸ் ஃப்ராய்ண்ட் என்ற எஞ்சினியர், ரிமோட் லாகின் அரை விநாடி மெதுவாக இருக்கிறதே என்று தோண்டப் போய்க் கண்டுபிடித்தார். சோதனைப் பதிப்புகளோடு அது நின்றுபோனது. டெபியன் என்ற லினக்ஸ் ரகத்தின் ஸ்டேபிள் பதிப்புக்கோ உபுண்டு எல்.டி.எஸ்.ஸுக்கோ வரவில்லை. கடை மெஷினுக்குப் புத்தம்புது வெளியீடு வேண்டாம், எல்.டி.எஸ். போதும் என்று நான் சொல்வது இதனால்தான்.

மேக்குக்கு வைரஸ் வராது என்ற பேச்சு 2012-லேயே முடிந்த கதை. அந்த வருடம் ஃபிளாஷ்பேக் என்ற மால்வேர் சுமார் 6 லட்சம் மேக்குகளில் புகுந்தது. ஜாவா என்ற சாஃப்ட்வேரில் இருந்த ஓட்டைக்கு அதன் கம்பெனியான ஆரக்கிள் பிப்ரவரியிலேயே திருத்தம் விட்டது. ஆப்பிள் அதை மேக்குக்குக் கொண்டுவர ஏப்ரல் ஆனது. இப்போதெல்லாம் போலி ஆப், 'இந்த வரியை டெர்மினலில் (கட்டளை அடிக்கும் ஜன்னல்) ஒட்டுங்கள்' என்ற குறிப்பு, இந்த இரண்டு ரூபத்தில்தான் பாஸ்வேர்ட் திருடிகள் அதிகம் வருகின்றன. மேக்கின் காவலாளியான கேட்கீப்பர் வழியை மறிக்கும். நீங்களே வரியை ஒட்டினால் அது என்ன செய்யும்?

பென்டிரைவ் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், டெல்டாவில் பாதி வியாபாரம் அதில்தான் நடக்கிறது. முகூர்த்த மாதத்தில் பிரஸ்ஸுக்கு ஒரு நாளில் பத்துப் பேர் பென்டிரைவ் கொண்டுவருவார்கள். செருகினால் ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டாக, மூலையில் சின்ன அம்புக்குறியோடு இருக்கும். வாடிக்கையாளர் முகம் வெளுத்துவிடும்: "பத்திரிகை மேட்டர் எல்லாம் அதுலதாங்க இருக்கு." ஃபைல் எங்கேயும் போயிருக்காது. நான் உபுண்டு ஓடும் லேப்டாப்பில் செருகிப் பார்ப்பேன். பெரும்பாலும் பெயரே இல்லாததுபோல் ஒரு ஃபோல்டர் எட்டிப்பார்க்கும். கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தைப் பெயராக வைத்திருப்பார்கள். அதற்குள் மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், மண்டபம் எல்லாம் பத்திரமாக இருக்கும். எடுத்து வேறிடத்தில் வைத்துவிட்டு பென்டிரைவை ஃபார்மேட் அடித்துவிடுவேன். அந்த ஷார்ட்கட் வைரஸ் உபுண்டுவில் ஓடாது. ஆனால் ஃபார்மேட் செய்யாமல் அப்படியே திருப்பிக் கொடுத்தால் அடுத்த விண்டோஸ் மெஷினுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த புண்ணியம் நம்முடையது.

தொலைந்துபோனால்?

இதைச் சோதிக்க என் கடையில் ஒரு வேடிக்கை காட்டுவேன். 'பாஸ்வேர்ட் போட்டிருக்கேன், யாரும் திறக்க முடியாது' என்பவரின் லேப்டாப்பில் உபுண்டு பென்டிரைவைச் செருகி பூட் செய்து, நிறுவாமல் 'ட்ரை' கொடுப்பேன். கொஞ்ச நேரத்தில் அவருடைய ஆதார் ஸ்கேன், நிலப் பத்திரம் எல்லாம் பாஸ்வேர்ட் இல்லாமலேயே திரையில் திறக்கும். டிஸ்க் பூட்டப்படவில்லை என்று அர்த்தம். நீங்களும் உங்கள் மெஷினில் செய்து பாருங்கள், கட்டுரை எதையும் படிக்காமலே பதில் தெரிந்துவிடும்.

டிஸ்கைப் பூட்டும் வசதி ஒவ்வொன்றிலும் ஒரு பெயரில் இருக்கும்: மேக்கில் ஃபைல்வால்ட், விண்டோஸ் ப்ரோவில் பிட்லாக்கர், விண்டோஸ் ஹோமில் 'டிவைஸ் என்க்ரிப்ஷன்', லினக்ஸில் நிறுவும்போதே டிக் அடிக்க வேண்டிய என்க்ரிப்ஷன். குரோம்புக்கில் கேட்காமலே இருக்கும். புதிய விண்டோஸ் 11 மெஷின்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால் தானாகவே பூட்டிக்கொள்கிறது, பலருக்கு அது தெரியாது. மதர்போர்டு மாற்றிய பிறகு 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டு நீலத் திரை வரும்போதுதான் தெரிகிறது. இன்றைக்கே மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்தக் கீயை அச்சடித்து, பட்டா சிட்டா இருக்கும் பீரோவில் வையுங்கள். லினக்ஸில் அந்தப் பாஸ்வேர்டை மறந்தால் என்னாலும் முடியாது, யாராலும் முடியாது.

நம்ப வேண்டாத எண்கள்

'இந்த ஓ.எஸ்.ஸில் இத்தனை ஓட்டை, அதில் இத்தனை' என்று வரும் பட்டியல்களை ஒதுக்கிவிடுங்கள். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலைப் பராமரிக்கும் குழு, ஒவ்வொரு ஓட்டைக்கும் கொடுக்கும் சி.வி.இ. எண்ணை 2024 பிப்ரவரியில் தானே வழங்க ஆரம்பித்தது. கொஞ்சமாவது பாதுகாப்பைத் தொடக்கூடிய திருத்தம் என்றால் எண் போட்டுவிடுவார்கள். எண்ணிக்கை எகிறியது, கெர்னல் மோசமாகிவிடவில்லை. டெபியன் பட்டியலில் ஆயிரக்கணக்கான பேக்கேஜ்களின் ஓட்டையும் சேரும். விண்டோஸில் அப்படிச் சேராது.

'லினக்ஸை யாரும் தாக்குவதில்லை' என்பதும் அப்படித்தான். மில் சுவரில் தொங்கும் சி.சி.டி.வி. டிவிஆர் பெட்டிக்குள் ஓடுவது பெரும்பாலும் லினக்ஸ். 2016-இல் மிராய் என்ற மால்வேர் இந்த மாதிரிக் கேமராக்களையும் ரூட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது, கம்பெனி போட்ட பாஸ்வேர்டை யாரும் மாற்றாததால். உங்கள் டிவிஆரின் பாஸ்வேர்ட் இன்னும் அதுவாகவே இருந்தால், ஓ.எஸ். ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு அதை முதலில் மாற்றுங்கள்.

யாருக்கு எதைச் சொல்வேன்

டேலி, ஜி.எஸ்.டி., டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எல்லாம் ஓடும் மில் மெஷினுக்கு ஒரிஜினல் விண்டோஸ் 11 ப்ரோ, ஸ்டாண்டர்ட் கணக்கு, பிட்லாக்கர். இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்கில் மாற்றி மாற்றி பேக்கப். ஒன்று எப்போதும் கழற்றி வைத்தே இருக்க வேண்டும், அதுவும் வெள்ளம் ஏறாத உயரத்தில்.

பழைய தமிழ் ஃபான்ட்டும் பேஜ்மேக்கரும் இல்லாமல் பிழைக்க முடியாத பிரஸ்ஸுக்கு விண்டோஸ் 7 இருந்துவிட்டுப் போகட்டும். நெட் கேபிளைப் பிடுங்கி, வைஃபையை அணைத்துவிடுங்கள். வாடிக்கையாளர் பென்டிரைவ் அதில் நேராகப் போகக் கூடாது. முன்னால் ஒரு லினக்ஸ் மெஷின் வைத்து அதில் வாங்கிச் சுத்தம் செய்து அனுப்புங்கள்.

விண்டோஸ் 11 ஏறாத பழைய லேப்டாப்போடு கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு லினக்ஸ் மின்ட். ஏழாம் தலைமுறை இன்டெல் வரை உள்ளவற்றை மைக்ரோசாஃப்ட் பெரும்பாலும் சேர்த்துக்கொள்வதில்லை. யூடியூப், வாட்ஸ்ஆப், பாங்க் மட்டும் பார்க்கும் ரிட்டயர்டு வாத்தியாருக்குக் குரோம்புக், தேதி பார்த்து. மகன் அனுப்பும் பழைய மேக் என்றால் நடப்புப் பதிப்பு ஏறுமா என்று முதலில் பாருங்கள். ஏறாவிட்டால் வீட்டில் பாட்டுக் கேட்க வைத்துக்கொள்ளலாம், கணக்கு வழக்கு வேண்டாம்.

எதில் என்ன இருந்தாலும் கணக்கிலிருந்து பணம் போய்விட்டால் ஓ.எஸ். பற்றி யோசிக்க நேரமில்லை. உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அடியுங்கள், பிறகு பாங்குக்கு.

'டேலி மெஷினிலேயே லினக்ஸ் போட்டு, வைன் வழியா டேலியை ஓட்டிக்கலாமா?' என்று (வைன் என்பது விண்டோஸ் ப்ரோகிராமை லினக்ஸில் ஓட்டும் கருவி) கேட்பவர்கள் மாதம் ஒருவராவது இருக்கிறார்கள். வேண்டாம். டேலி ஒருவேளை திறந்துவிடும். டோக்கனின் டிரைவர் தகராறு செய்யும். மாதாந்திர ஜி.எஸ்.டி. ரிட்டர்னுக்கு 20-ஆம் தேதி கெடு, அன்றைக்கு ராத்திரி பதினோரு மணிக்கு எனக்குத்தான் போன் வரும்.